சவுண்டல் தழையும் ஹவாய் வெள்ளாடும்

பொன்னமராவதிப் பக்கம் சித்திரை, வைகாசி வந்தால் ஆடு வளர்ப்பவர்களின் பெரிய கவலை குழைதான். கண்மாய் காய்ந்து, தரையில் இருந்த புல்லும் கருகிவிட்டால் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தேடிப் போகவேண்டும். புதுக்கோட்டைச் சீமையில் மேய்ச்சல் இருந்த பல இடங்களில் இன்று தைலமரம் நிற்கிறது. அதை ஆடு சீண்டாது. அப்படிப்பட்ட நாளில், வேலியோரம் தானாக முளைத்து வெட்ட வெட்டத் துளிர்க்கும் சவுண்டல் பெரிய கைகொடுப்பு. சூபாபுல் என்றும் சொல்வார்கள். உலர்ந்த தழையில் புரதம் 20 சதவீதத்தைத் தாண்டும். வைக்கோலில் 3, 4 சதவீதம் தேறினாலே அதிகம்.

இதே தழை ஆஸ்திரேலியாவில் மாடுகளைப் படுத்தி எடுத்தது.

மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் பூர்வீகமாகக் கொண்ட இந்த மரத்தை, குயின்ஸ்லாந்து மாகாணத்தில் மேய்ச்சலுக்காக நட்டார்கள். மாடுகள் விரும்பித் தின்றன. கொஞ்ச நாளில் முடி உதிர்ந்தது, எச்சில் ஒழுகியது, எடை ஏறவில்லை, தைராய்டு சுரப்பி வீங்கியது. தழையில் உள்ள மைமோசின் என்ற அமினோ அமிலத்தில்தான் வினை தொடங்குகிறது. மாட்டின் வயிற்றுக்குள் அது டி.எச்.பி. என்ற இன்னொரு பொருளாக மாறி, தைராய்டின் வேலையைக் கெடுக்கிறது.

வயிற்றுக்குள் மாற்றுவது யார்? அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையான ரூமன், மாட்டுக்கு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். காற்றுப் புகாத, 39 டிகிரி சூட்டில் ஓயாமல் புளித்துக்கொண்டிருக்கும் மாவுப்பானை அது. உள்ளே ஒவ்வொரு மில்லி லிட்டரிலும் ஆயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்கள். புல்லின் நாரைச் செரிக்க மாட்டால் தனியாக முடியாது. இந்தக் கிருமிகள்தான் நாரை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கித் தருகின்றன. மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. நாம் மாட்டுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம். முதலில் சாப்பிடுவது கிருமிகள். மைமோசினை டி.எச்.பி.யாக மாற்றுவதும் அவைதான்.

ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் மேய்ச்சல் பயிர் விஞ்ஞானியாக இருந்தவர் ரேமண்ட் ஜோன்ஸ். ஹவாய்த் தீவுகளிலும் இதே மரம் மண்டிக் கிடக்கிறது. அங்குள்ள வெள்ளாடுகள் அதையே தின்றும் நன்றாக இருக்கின்றன. இது அவரை உறுத்தியது. மரத்தில் வித்தியாசமா, ஆட்டில் வித்தியாசமா, இல்லை ஆட்டின் வயிற்றுக்குள் குடியிருப்பதில் வித்தியாசமா? மூன்றாவதுதான் என்று 1981-இல் ஒரு ஆய்விதழில் தன் ஐயத்தை எழுதினார். ஹவாய் ஆடுகளின் ரூமனில் டி.எச்.பி.யையும் சிதைக்கும் ஏதோ ஒரு கிருமி இருக்கவேண்டும். ஆஸ்திரேலிய மாடுகளுக்கு அது வாய்க்கவில்லை.

ஐயத்தோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இதே தழையைத் தின்று பழகிய இந்தோனேசிய வெள்ளாடு ஒன்றின் ரூமன் திரவத்தை ஆஸ்திரேலிய ஆடுகளுக்குச் செலுத்தியபோது அவை டி.எச்.பி.யைச் சிதைக்கத் தொடங்கின. 1984-இல் அந்த முடிவு வெளியானது. ஹவாய் ஆடுகளின் கிருமிகளை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குள் வெற்றிகரமாகக் குடியேற்றியதை 1986-இல் ஜோன்ஸும் அவருடன் ஆய்வு செய்த மெகாரிட்டியும் அறிவித்தார்கள். மருந்தும் இல்லை, புது ரக மரமும் இல்லை. ஓர் ஆட்டின் வயிற்றில் இருந்ததை இன்னொன்றின் வயிற்றுக்கு மாற்றியதோடு சரி. அமெரிக்காவில் மில்டன் அலிசன் குழுவினர் அந்தப் பாக்டீரியாவை ஆராய்ந்து, 1992-இல் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். ஜோன்ஸின் பெயரால்தான். தன் பெயரில் ஒரு விருதைவிட ஒரு கிருமி வாழ்வது பெரிய கௌரவம் என்பேன்.

குயின்ஸ்லாந்தில் இந்தக் கிருமிக் கரைசலைத் தயாரித்து விற்கிறார்கள். மந்தையில் சில மாடுகளுக்கு வாய்வழி ஊற்றினால் மற்றவற்றுக்கும் பரவும் என்பது கணக்கு. அங்கே பிற்காலத்தில் நடந்த ஆய்வுகள் கதையைக் கொஞ்சம் திருத்தியிருக்கின்றன: கிருமி மட்டுமல்ல, கல்லீரலும் டி.எச்.பி.யை வேறொரு பொருளோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறதாம்.

நம் ஆடுகள் பழகியவைதானே என்று சவுண்டலை மட்டுமே கட்டிப் போடாதீர்கள். தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். மிச்சத்துக்குப் புல், கடலைக்கொடி, சோளத்தட்டை என்று கலந்து கொடுங்கள். புதிதாகத் தொடங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வயிற்றுக் கிருமிகளுக்கும் பழக நாள் வேண்டும். ரூமன் இல்லாத குதிரைக்குக் கொடுக்கவே வேண்டாம். பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். ஆட்டுக்கு முடி உதிர்வதைப் பார்த்தால் அன்றே தழையை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.