காக்கா தம்பி வியாபாரமானாலும் எழுதிக்கொள்வோம்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் என்று நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு வியாபாரம் புதிதல்ல. முத்தும் சங்கும் விற்றவர்களின் பிள்ளைகள் இன்று ஹார்டுவேர் கடை, ஜவுளிக்கடை, கருவாடு, ஐஸ் கம்பெனி என்று நடத்துகிறார்கள். பெரும்பாலும் ஒரே முறைதான். காக்கா சபரில் இருந்து பணம் அனுப்புவார். தம்பி ஊரில் கடையைப் பார்த்துக்கொள்வார். "நமக்குள்ளே என்ன எழுத்து?" என்பதுதான் இருவரும் சொல்லும் பேச்சு.

இருவரும் இருக்கும்வரை பிரச்சினை வருவதில்லை. காக்கா மவுத்தாகி, இத்தா முடிந்து, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக அவர் மனைவி பங்கு கேட்கும்போதுதான் பேச்சு மாறுகிறது. "அனுப்பியது வீட்டுச் செலவுக்கு" என்கிறார் ஒருவர். "கடைக்கு முதல் போட்டது" என்கிறார் இன்னொருவர். ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசினாலும், கையில் ஒரு தாள் இல்லாமல் யார் எதைத் தீர்ப்பது? ஏதோ ஒரு குடும்பத்தை மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. பல ஊர்களிலும் திரும்பத் திரும்ப வருகிற தகராறு இது.

சட்டம் நம்மை எப்படிப் பார்க்கிறது?

நம்மில் பலர் அறியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு இந்தியச் சட்டத்தில் தனி அந்தஸ்து உண்டு. குடும்பமே சொத்து வைத்திருக்கலாம், குடும்பமே வியாபாரம் செய்யலாம். முஸ்லிம்களுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டாலும் அவரவர் சொத்து அவரவருக்கே. ஷரீஅத்தின் வாரிசுரிமையும் அதன் மீதே அமைந்திருக்கிறது.

எனவே "குடும்பக் கடை" என்று நாம் சொல்வது சட்டத்தின் கண்ணில் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, அது ஒருவரின் தனிக்கடை. இல்லையென்றால், பார்ட்னர்ஷிப் எனும் கூட்டு வியாபாரம். உரிமம், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு எல்லாம் தம்பியின் பெயரில் இருந்தால், பார்க்கிறவர்களுக்கு அது தம்பியின் கடை. வாய்ப்பேச்சாலும் கூட்டு உருவாகலாம் என்பதைச் சட்டம் மறுக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை பங்கு கேட்கிறவரின் தலையில் விழும்.

எழுதாவிட்டால் சட்டம் எழுதிவிடும்

1932-ஆம் ஆண்டின் இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டம், கூட்டாளிகள் பேசி முடிக்காமல் விட்ட இடங்களைத் தானே நிரப்பிவிடுகிறது. 13-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. காக்கா 20 லட்சமும் தம்பி 2 லட்சமும் போட்டிருந்தாலும் அப்படித்தான். கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் தம்பிக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. ஆக, எழுதாமல் விட்டால் இரு பக்கமும் அநீதி நேரலாம்.

42-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. வேறுவிதமாக எழுதி வைக்காவிட்டால், ஒரு கூட்டாளி மவுத்தானதும் கூட்டு கலைந்துவிடும். இரண்டே பேர் இருந்த கூட்டு என்றால், எழுதியிருந்தாலும் மிஞ்சிய ஒருவரை வைத்துக் கூட்டு நடத்த முடியாது. வாரிசையோ வேறொருவரையோ சேர்த்துப் புதிய பத்திரம் போட வேண்டும். மவுத்தானவரின் பங்குக்குரிய தொகை வாரிசுகளுக்குச் சேரும். ஆனால் வாரிசு என்பதால் மட்டும் யாரும் கூட்டாளி ஆகிவிடுவதில்லை.

வட்டி நுழையும் இடங்கள்

அச்சடித்து வைத்திருக்கும் பார்ட்னர்ஷிப் பத்திரங்களில் "முதலீட்டுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி" என்ற வரி இருப்பதைப் பார்க்கலாம். வருமான வரிக் கணக்கில் அதுவரை கழித்துக்கொள்ள அனுமதி இருப்பதால் ஆடிட்டர்கள் வழக்கமாகச் சேர்க்கும் வரி அது. கட்டாயம் ஒன்றுமில்லை. வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் எடுத்துவிடுவார்கள். அதே சமயம், முதலுக்கு மேல் ஒருவர் தரும் தொகைக்கு 6 சதவீத வட்டி உண்டு என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. அதுவும் வேண்டாம் என்று எழுதிவிட வேண்டும்.

37-ஆம் பிரிவிலும் கவனம் தேவை. மவுத்தானவரின் கணக்கைத் தீர்க்காமல் மற்றவர்கள் வியாபாரத்தைத் தொடர்ந்தால், வாரிசுகள் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்: அவர் பங்கைப் பயன்படுத்தியதால் வந்த லாபம், அல்லது 6 சதவீத வட்டி. முதலாவது நமக்குப் போதுமானது.

ஒருவர் பணம், மற்றவர் உழைப்பு என்ற முளாரபா முறையையும் பத்திரத்தில் தெளிவாக எழுதலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நஷ்டம் யாருக்கு என்று நமக்குள் எப்படி எழுதினாலும், வெளியாருக்குத் தர வேண்டிய கடனுக்குக் கூட்டாளிகள் அனைவரும் பொறுப்பு. கடைக் கடன் வீட்டையும் தொடலாம்.

பதிவு செய்வதால் என்ன பயன்?

பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் 69-ஆம் பிரிவின்படி, பதிவில்லாத கூட்டு தன் பாக்கியை வசூலிக்க வெளியார் மீது வழக்குப் போட முடியாது. கூட்டாளியும் ஒப்பந்த உரிமைக்காக மற்ற கூட்டாளி மீது போட முடியாது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் மட்டும் வழி உண்டு. பதிவு, பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கிறது. கூட்டாளி சேர்ந்தாலும் விலகினாலும் அங்கே தெரிவிக்க வேண்டும்.

"கம்பெனியே தொடங்கிவிடலாமே" என்று சில இளைஞர்கள் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்கிறார்கள். கம்பெனியின் கடன் பொதுவாகப் பங்குதாரரின் வீட்டைத் தொடாது என்பது நன்மைதான். ஆனால் வியாபாரமே நடக்காவிட்டாலும் ஆண்டுக் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். சிறிய கடைக்கு இந்தச் சுமை தேவையா என்று யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

தொடங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை

* சபரில் இருப்பவர் பணத்தை வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். உண்டியலில் வந்த பணத்துக்குச் சாட்சி இல்லை, சட்டப்படி குற்றமும்கூட. வெளிநாடுவாழ் இந்தியர் ஊரில் உள்ள கூட்டு நிறுவனத்தில், திருப்பி எடுத்துச் செல்லாத நிபந்தனையில், முதல் போடலாம். விவசாயத்திலும் நிலம் வாங்கி விற்கும் தொழிலிலும் அப்படிப் போட முடியாது.
* பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவாக அதற்கு முன்பே தேவை. பதிவு செய்தபின், விற்பனை இல்லாத மாதத்திலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.
* கருவாடு, ஊறுகாய், அல்வா என்று உண்ணும் பொருள் எதுவானாலும், வீட்டில் செய்து விற்றாலும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் வேண்டும்.
* ஏற்றுமதி செய்பவர் தம் ஏற்றுமதி இறக்குமதி எண்ணை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும்.
* உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அரசுத் தளத்தில் ஆதார் எண் கொண்டு நாமே செய்துகொள்ளலாம். கட்டணம் கேட்கும் தளங்களிடம் ஏமாற வேண்டாம்.
* கடல் அட்டை வியாபாரம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டது. முன்னோர் செய்த தொழில் என்பது வழக்கில் பதிலாகாது.

உதவி எங்கே?

பத்திரம் எழுத வழக்கறிஞரையும், கணக்குக்கு ஆடிட்டரையும் தொடங்குவதற்கு முன்பே பாருங்கள். அவர்களிடம் ஐந்து விஷயங்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: யார் எவ்வளவு முதல், லாப நஷ்டம் எப்படி, உழைப்பவருக்கு என்ன சம்பளம், விலகினால் கணக்கு எப்படி, மவுத்தானால் வாரிசுகளுக்கு எத்தனை மாதத்தில் எப்படிக் கொடுப்பது.

தகராறு முற்றிவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. கணவரை இழந்த நம் சகோதரிகள் பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

தவணைக் கடனை எழுதிக்கொள்ளும்படியும், சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்க வேண்டாம் என்றும் அல்லாஹ் அல்பகராவின் 282-ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். குர்ஆனிலேயே நீளமான வசனம் அது. எழுதச் சொல்வதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தனக்குப் பின் தன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்று நினைக்கும் காக்கா, இந்த விடுமுறையில் ஊருக்கு வரும்போதே உட்கார்ந்து எழுதிவிடுவது நல்லது.