உறவுகள் வரும்போது சிம் அட்டை யார் பெயரில்?

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எங்கள் ஒழுங்கைக்கு வெளிநாட்டு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, இந்த முறை பிள்ளைகளோட வாறம்" என்று தங்கச்சி சொன்னால், கிணறு இறைப்பது முதல் அறைக்கு வெள்ளையடிப்பது வரை எல்லாம் எங்கள் தலையில்தான். அண்மைக் காலமாக அந்த வேலைகளோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "உங்கட அடையாள அட்டையில நாலு சிம் எடுத்து வையுங்கோ, வந்திறங்கினவுடன டேட்டா வேணும்" என்கிறார்கள்.

சகோதரிகளே, மற்ற எல்லாவற்றையும் செய்து கொடுங்கள். இதை மட்டும் செய்யாதீர்கள்.

நம் நாட்டில் சிம் அட்டை ஒருவரின் தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் பேரில்தான் பதியப்படுகிறது. வந்தவர்கள் திரும்பிய பின் அந்த அட்டை யார் கைக்குப் போனாலும், ஏதும் பிழை நடந்தால் முதலில் தேடி வருவது பதிவிலுள்ள பெயரைத்தான். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற எங்களுக்கு, ஒரு கடதாசியில் பெயர் ஏறுவதன் பாரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தனியே குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ஒரு விசாரணை என்றால் ஒரு நாள் கூலியும் போய்விடும். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று அறிய உங்கள் தொலைபேசியில் #132# என்று அழுத்திப் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போய் நீக்கச் சொல்லுங்கள்.

வருகிறவர்களுக்கு இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. கட்டுநாயக்காவில் வெளியே வரும் மண்டபத்திலேயே தொலைபேசி நிறுவனங்களின் கருமபீடங்கள் இருக்கின்றன. தங்கள் கடவுச்சீட்டைக் காட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கான சிம்மை அங்கேயே வாங்கலாம். புறப்படுமுன் இரண்டு விடயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: அவர்களுடைய தொலைபேசி வேறு நாட்டுச் சிம்மை ஏற்குமா, அந்த நாட்டு இணைப்பின் ரோமிங் டேட்டா நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பன. ஈ-சிம்மை அங்கிருந்தே வாங்கி வருபவர்களும் உண்டு. ஆனால் அதில் பல டேட்டாவுக்கு மட்டுமே. உள்ளூர் எண் இராது. வான் சாரதியோடும் மருந்துக்கடையோடும் கதைக்க உள்ளூர் எண் வேண்டும்.

அன்பளிப்பாகத் தொலைபேசி கொண்டுவருவதாகச் சொன்னால், வாங்குமுன்னரே ஒரு சொல் சொல்லுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 ஜனவரியிலிருந்து கருவிப் பதிவு விதியைக் கொண்டுவந்தது. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, ஐ.எம்.ஈ.ஐ. என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி ஓர் இடைவெளி விட்டு அடித்து, 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தக் கருவி பதிவிலுள்ளதா என்று பதில் வரும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ஒரு தாய் இருக்கிறா. 2009 இல் வன்னியில் காணாமற்போன மகனுக்கு அவவுடைய எண் மனப்பாடம். அந்த எண் செத்துவிடக்கூடாதென்று சாப்பாட்டுக் காசில் மிச்சம்பிடித்து மாதாமாதம் பணம் போடுகிறா. வெளிநாட்டுப் பெறாமக்கள் வந்து, "மாமி, பழசை எறியுங்கோ, எங்கட சிம்மைப் பாவியுங்கோ" என்றார்கள். சுற்றுலாச் சிம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கானது. பதிவும் போனவர்களின் கடவுச்சீட்டில். பணம் போடாமல் நீண்ட நாள் விட்ட எண்ணோ துண்டிக்கப்பட்டு இன்னொருவருக்குப் போய்விடலாம். கடைசியில் இரண்டு சிம் போடும் தொலைபேசி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தில் பழைய எண்ணை அப்படியே வைத்தார்கள். அன்பளிப்புத் தருகிறவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: கருவியை மாற்றுங்கோ, எண்ணை மாற்றாதேங்கோ. வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணும் அந்தப் பழைய எண்ணுக்குத்தானே வருகிறது.

(கொழும்புக்குப் போகிறவர் கையில் கடிதம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு, முகம் பார்த்துக் கதைப்பது இன்னும் அதிசயந்தான். கொமியூனிகேசன் கடையில் நிமிடத்தை எண்ணிக்கொண்டு அழுததை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?)

பயணத்தைப் பற்றியும் கொஞ்சம். விசாவுக்கான இணைய அனுமதியை அரசாங்கத் தளத்தில் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதேபோலத் தோன்றும் வேறு தளங்கள் கூடுதலாகப் பணம் பறிக்கும். 1990 இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பல இடங்களில் ரயில் பாதைகளை உடைத்தது. எனவே மழைக்காலத்தில் வருகிறவர்கள் அன்றன்று விசாரித்தே புறப்பட வேண்டும். தீவுப் பக்கம் போகுமுன் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளட்டும். குறிகாட்டுவானில் படகு ஏறும்போது பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். சின்னவர்கள் வெட்கப்படுவார்கள், விடாதீர்கள்.

முகமாலைப் பக்கம் இறங்கிப் படமெடுக்க ஆசைப்படுவார்கள். சிவப்பு அடையாளமும் மண்டையோட்டுப் பலகையும் இருக்கும் காணிக்குள் ஓர் அடிகூட வைக்கக்கூடாது. எங்களுக்குத் தெரிந்தது அங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. இராணுவ முகாம்களையும் படமெடுக்க வேண்டாம்.

தண்ணீர் விடயத்தில் கவனம். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல் நிலத்தில் இருப்பவை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உரத்தாலும் மலகூடக் குழிகளாலும் கலக்கும் நைத்திரேற்று போகாது. ஆகவே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்காமல், போத்தல் தண்ணீரைப் பாவியுங்கள். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனிப் பக்கற்றைக் கரைத்துக் கொடுங்கள். மழைக்குப் பின் காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம். வெளிநாட்டவர்கள் பையில் இபுபுரூஃபன் வைத்திருப்பார்கள். அதையும் அஸ்பிரினையும் கொடுக்காமல் பரசிற்றமோல் மட்டும் கொடுத்து, இரத்தம் சோதிக்கக் கூட்டிப் போங்கள்.

மூன்று எண்களை அவர்களின் தொலைபேசியில் நீங்களே பதிந்து கொடுங்கள்: பொலிசுக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938, இலவச அம்புலன்சுக்கு 1990. கடைசி எண்ணை நாங்கள் மனப்பாடமாக்கத் தேவையில்லை. அந்த ஆண்டை இங்கே யார் மறந்தார்கள்! வருகிற பிள்ளைகளுக்கோ எழுதித்தான் கொடுக்க வேண்டும்.