இதயத்துக்குப் பட்டு ஒட்டு!



எங்க தாத்தா ஆரணியில் நாற்பது வருஷம் பட்டுச்சேலை நெய்தவர். போன வருஷம் மாரடைப்பு வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். இப்போ கணியம்பாடியில் எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் தறிக்குழியில் இறங்கி மிதி மிதிக்கக் கூடாதாம். "இதயத்துல ஒரு பகுதி செத்துப்போச்சு, அது திரும்ப வளராது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தாத்தா என்னைக் கேட்டார்: "ஏம்மா, பாவுல இழை அறுந்தா முடிச்சுப் போட்டு நெய்யறோமே, இதுக்கு ஒட்டுப் போட முடியாதா?"

அதைத் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் வளராது? முட்டியில் சிராய்ப்பு பட்டால் சில நாளில் புதுத்தோல் வந்துவிடும். இதயத் தசை அப்படி இல்லை. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிற இதயத்தில், 25 வயதுக்காரருக்குக்கூட வருஷத்துக்கு 100 தசைச் செல்லில் ஒன்றுதான் புதிதாகிறது. வயதானால் அதிலும் பாதி. 2009-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். (அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பனை வைத்துக் கணக்குப் போட்டார்களாம்! அதைத் தனியா எழுதணும்.) ஆகவே மாரடைப்பில் தசை செத்த இடத்தில் வெறும் வடுதான் வரும். வடு சுருங்கி விரியாது. மீதித் தசையே முழுப் பாரத்தையும் இழுக்கும்.

அந்த இடத்தில் ஒட்டுப் போட வேண்டுமென்றால் செல்கள் பிடித்து வளர ஒரு பந்தல் வேண்டும். அது வளையணும், உடம்பு அதை வெறுக்கக் கூடாது, வேலை முடிந்ததும் மெல்லக் கரையணும். பட்டு இதற்கெல்லாம் சரிப்படும். காயம் தைக்கப் பட்டு நூலை டாக்டர்கள் ரொம்ப காலமாகவே பயன்படுத்துகிறார்கள்.

பட்டு இழையில் இரண்டு புரதம் உண்டு. உள்ளே ஃபைப்ராயின், மேலே செரிசின் என்ற பசை. தாத்தாவுக்கு இந்தப் பேர் தெரியாது, விஷயம் தெரியும்! "சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சினா கிலோவுக்குக் கால் கிலோ குறையுமே, அந்தப் பசைதானே?" என்றார். அதேதான். ஃபைப்ராயின்தான் பந்தலுக்கு ஆகும்.

ஆனால் நம்ம ஊர் மல்பெரிப் பட்டில் ஒரு குறை. வழவழப்பு. செல்கள் நன்றாகப் பிடிக்காது. காட்டில் வளரும் டஸ்ஸர் பட்டு கரடுமுரடானது. ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் மூன்றும் வரிசையாக நிற்கும் ஓர் இடம் அதன் புரதத்தில் இருக்கிறது. செல்லுக்கு அது கொக்கி மாதிரி. கரக்பூர் ஐ.ஐ.டி.யின் சுபாஸ் குண்டு குழுவும், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் எங்கெல், சின்மய் பத்ரா ஆகியோரும் சேர்ந்து டஸ்ஸர் பட்டிலிருந்து காசு அளவு வில்லைகள் செய்து, அதில் எலியின் இதயச் செல்களை வளர்த்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, 20 நாள் ஒரே தாளத்தில் துடித்தன!

இன்னொரு வேடிக்கை. டஸ்ஸர் புழு தின்பது மருத மர இலை. அதே மரத்துப் பட்டையைத்தான் நம் சித்த வைத்தியர்கள் இதயத்துக்குக் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, படித்ததும் சிரிப்பு வந்தது.

தாத்தாவிடம் எல்லாம் சொன்னேன். "எனக்கு எப்போ வைப்பாங்க?" என்றார். அங்கேதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அது கண்ணாடித் தட்டில் நடந்த சோதனை. மனுஷனுக்கு வைக்க அவரவர் இதயச் செல்லை நிறைய உண்டாக்கணும், ஒட்டுக்குள் ரத்தக்குழாய் போகணும், பழைய இதயத்தோடு தாளம் தப்பாமல் துடிக்கணும். தாளம் தப்பினால் உயிருக்கே ஆபத்து. பொய் சொல்ல மனசு வரலை. "இன்னும் வரலை தாத்தா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டஸ்ஸரா? முரட்டு நூலாச்சே, ஆரணிக்காரன் தொடமாட்டானே!" என்று சிரித்தார். அந்த முரடுதான் பிடிப்பு என்று மறுபடி சொன்னேன். ஒரு டஸ்ஸர் கூடு கிடைத்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி