நூலில் வளரும் கற்கண்டு: குழந்தைகளோடு வீட்டில் செய்ய விரும்பும் பெற்றோர்க்கு

மளிகைக் கடையில் பெரிய கட்டியாக விற்கப்படும் கற்கண்டை உடைத்தால், உள்ளே பல நேரங்களில் ஒரு வெண்ணூல் தென்படும். ஏதோ அழுக்கு என்று எண்ணி அதை உருவி எறிந்துவிடுகிறோம். குழந்தைகள் மட்டும் விடுவதில்லை. “கல்லுக்குள் நூல் எப்படிப் போனது?” என்று கேட்பார்கள். நூல் கல்லுக்குள் போகவில்லை. நூலின்மேல்தான் கல் வளர்ந்தது. இந்த விடையைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளையில் வளர்த்துக் காட்டுவது எளிது.

மருத்துவமனை மடலில் இனிப்புச் செய்முறைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கக்கூடும். இரண்டு காரணங்கள் உண்டு. கால்கட்டுடனோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ வீடு திரும்பும் குழந்தைக்குச் சில வாரங்கள் ஓய்வு தேவைப்படுகிறது. பள்ளி இல்லை, காலாப்பட்டுக் கடற்கரையில் மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கலாமே தவிர, சேர்ந்து ஓட இயலாது. கைப்பேசி ஒன்றே துணை என்றாகிவிடுகிறது. கற்கண்டு வளர்ப்பதற்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆயினும் ‘இன்று எவ்வளவு வளர்ந்திருக்கும்?’ என்ற ஆவல் நாள் முழுதும் கூடவே இருக்கும். இரண்டாவது காரணம் அச்சம் சார்ந்தது. கொதிக்கும் சர்க்கரைப் பாகு, வீட்டுச் சமையலறையில் குழந்தைக்கு மிகப் பெரிய தீங்கு செய்யக்கூடிய பொருள்களுள் ஒன்று. செய்வதானால் முறையறிந்து செய்ய வேண்டும்.

முதலில், நடப்பது என்ன என்று பார்ப்போம். நம் ஊரின் வெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ 30 டிகிரி செல்சியசில், 100 மில்லி தண்ணீரில் சுமார் 220 கிராம் சர்க்கரை கரையும். அதற்குமேல் போட்டால் அடியில் தங்கிவிடும். அதே தண்ணீரைக் கொதிக்கவைத்தால் இரண்டு மடங்கிற்கும் அதிகமாகக் கரையும். சூட்டில் மிகுதியாகக் கரைந்த சர்க்கரை, பாகு ஆறியதும் உடனே வெளிவந்துவிடுவதில்லை. தண்ணீர் தன்னால் தாங்கக்கூடிய அளவைவிட அதிகச் சுமையோடு சிறிது காலம் நிற்கும். பள்ளிப் பாடநூல்கள் இதனை அதிதெவிட்டிய கரைசல் என்று குறிப்பிடுகின்றன. இறக்கிவைக்க இடம் தேடும் சுமைகூலிக்காரரின் நிலை அது. சர்க்கரைத் துகள் ஒட்டிய ஒரு நூலை உள்ளே தொங்கவிட்டால், கரைசலிலுள்ள சர்க்கரை அந்தத் துகள்களின்மேல் ஒழுங்காக அடுக்கடுக்காய்ப் படியத் தொடங்கும். அவ்வடுக்குகள் மெதுவாகச் சேர்ந்தால் பளிங்கு போன்ற பெரிய படிகம் கிடைக்கும். விரைந்து சேர்ந்தால் பொடியான மணல்தான் மிஞ்சும்.

செய்முறைக்கு வருவோம். வெள்ளைச் சர்க்கரை அரை கிலோ, தண்ணீர் 200 மில்லி, சாயமிடாத பருத்தி நூல் ஒரு சாண், நூலைக் கட்டித் தொங்கவிட ஒரு குச்சி, உயரமான கண்ணாடிக் குவளை. இவ்வளவே தேவை. குழந்தையின் பணி முந்தின நாளே தொடங்கிவிடுகிறது. நூலை நனைத்து, பிழிந்து, சர்க்கரையில் புரட்டி, ஒரு தட்டில் இரவு முழுதும் காயவிட வேண்டும். இதைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. ஈரம் காயாத நூலைப் பாகில் விட்டால் அதிலுள்ள துகள்கள் கரைந்து உதிர்ந்துபோகும். பிறகு பத்து நாள் காத்திருந்தாலும் நூல் நூலாகவே இருக்கும்.

மறுநாள், அடுப்பு வேலை முழுவதும் பெரியவர்க்கே உரியது. இதில் விட்டுக்கொடுப்பு கூடாது. தண்ணீரைச் சூடாக்கி, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒரு துகளும் மிஞ்சாமல் கரையும்வரை கிளறி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். கம்பிப் பதம் பார்க்கத் தேவையில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவது போன்ற வேலையன்று இது.

இந்தப் பத்து நிமிடங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கெட்டியான பாகு அதைவிடச் சில டிகிரி கூடுதலான சூட்டில்தான் கொதிக்கும். வெந்நீர் மேலே தெறித்தால் பெரும்பகுதி வழிந்து ஓடிவிடுகிறது. பாகு ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு, தன் சூட்டை அங்கேயே இறக்கும். குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. ஆகவே அதே சூடு, அதே நேரத்தில், குழந்தைக்கு ஆழமான புண்ணை உண்டாக்கும். அடுப்பு எரியும்போது குழந்தை சமையலறை வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கட்டும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு பாகு கிளறுவது, பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைப்பது, கைப்பிடியை வெளிப்பக்கம் நீட்டி வைப்பது ஆகிய மூன்றும் தவிர்க்கப்பட வேண்டியவை.

பாகைச் சூட்டோடு குவளையில் ஊற்றும்படி பல செய்முறைகள் கூறுகின்றன. அதற்குத் தேவையே இல்லை. மேற்சொன்ன அளவில் செய்த பாகு, பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கையால் தொட்டுப் பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகும் தெளிவாகவே இருக்கும். மூடிவைத்து, கிளறாமல், அந்நிலை வரும்வரை எட்டாத உயரத்தில் வைத்திருங்கள். பிறகு நீங்களே குவளையில் ஊற்றுங்கள். கண்ணாடி விரிசலடையும் கவலையும் இதனால் நீங்கும். குழந்தை அருகில் வரவேண்டிய நேரம் இதுதான்: காய்ந்த நூலைக் குச்சியில் கட்டி, குவளையின் வாயில் குறுக்காக வைத்து, அடியையும் பக்கங்களையும் தொடாமல் தொங்கவிடுவது அவர்கள் வேலை.

எவ்வளவு கவனமாக இருந்தும் பாகு பட்டுவிட்டால், முதற்செயல் ஒன்றே ஒன்று. புண்பட்ட இடத்தைக் குழாயில் ஓடும் சாதாரணத் தண்ணீரின்கீழ் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். இருபது நிமிடம் என்பது அழும் குழந்தையோடு நிற்கையில் மிக நீண்ட நேரமாகத் தோன்றும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் இல்லையேல் குடத்து நீரை இடைவிடாமல் ஊற்றலாம். பனிக்கட்டி வேண்டாம். வளையல், மோதிரம், காப்பு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். பாகு நனைத்த உடையை அகற்றுங்கள். தோலோடு ஒட்டிப்போன துணியை மட்டும் பிய்த்து இழுக்காதீர்கள். பற்பசை, மை, மஞ்சள், வெண்ணெய், முட்டை, மாவு எதுவும் தடவ வேண்டாம். இவை சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும். புண்ணின் ஆழத்தை மருத்துவர் கணிக்க முடியாமலும் செய்யும். பின்னர்ச் சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலும், கொப்புளம் எழுந்தாலும், புண் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாயினும், கைக்குழந்தையாயினும் காத்திருக்கலாகாது. பரவிய புண்ணாயின் 108-ஐ அழையுங்கள்.

இனி, இன்பமான பகுதி. குவளையை மெல்லிய துணியால் மூடி, ஆட்டம் இல்லாத ஓரிடத்தில் வையுங்கள். எறும்புகள் வந்தே தீரும். ஆதலால் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே குவளையை நிறுத்துவது நம் பாட்டிமார் அறிந்த பழைய காவல். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாளில் நூல் தடித்து மினுங்கத் தொடங்கும். குவளையை அசைக்காமல், ஓர் அளவுகோலை வெளியே பிடித்து, படிகத்தின் பருமனைக் குழந்தை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவரலாம், படமும் வரையலாம். படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு இந்தக் குறிப்பேடு, நாள்கள் நகர்வதைக் காட்டும் ஒரு நாள்காட்டியாகவும் ஆகிவிடுகிறது.

வளர்ச்சி ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று குழந்தை கேட்டால், கணக்கு போட்டுக் காட்டலாம். 200 மில்லி தண்ணீர் நம் ஊர்ச் சூட்டில் சுமார் 440 கிராம் சர்க்கரையைத் தாங்கும். நாம் இட்டது 500 கிராம். ஆகவே ஆறுவதனால் மட்டும் வெளிவரக்கூடியது ஏறத்தாழ 60 கிராமே. அதற்குமேல் வேண்டுமானால் தண்ணீர் ஆவியாக வேண்டும். காலாப்பட்டு போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குவளை நாள்கணக்கில் அப்படியே நிற்கும். மழையில்லாத மாதங்களில் தொடங்குவது நல்லது. ஏழு முதல் பத்து நாளில் எடுக்கலாம். மேற்பரப்பில் ஏடு போலச் சர்க்கரை படர்ந்தால் கரண்டி நுனியால் மெல்ல நீக்கிவிடுங்கள். இல்லையேல் ஆவியாதல் நின்றுவிடும். சில வேளைகளில் நூலில் ஒன்றும் சேராமல் குவளையின் அடியில் எல்லாம் கட்டிவிடும். அது தோல்வியன்று. ‘நூலைவிட அடியிலிருந்த துகள் வலுவாக அழைத்திருக்கிறது’ என்று சொல்லி, பாகை மீண்டும் சூடாக்கி, புதிய நூலோடு தொடங்கலாம்.

பனங்கற்கண்டும் இதே முறையில் பிறப்பதுதான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, நூல்கள் கட்டிய கலங்களில் ஊற்றி, வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருந்து எடுக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம் பனைத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ‘துண்டு’ என்று பொருள்படும் கண்ட என்னும் வடசொல்தான் பாரசீகமும் அரபும் கடந்து ஆங்கிலத்தில் கேண்டி ஆயிற்று; புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் குடும்பங்கள் அறிந்த சூக்ர் காந்தியும் அதுவே. நம் கற்கண்டிலுள்ள கண்டும் அதற்கு உறவு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டியுள்ளது. பனங்கற்கண்டு நீரிழிவு உள்ளவர்க்குத் தீங்கு செய்யாது என்று பலர் கருதுகின்றனர். பனங்கற்கண்டிலும் பெரும்பகுதி, கரும்புச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இரத்தச் சர்க்கரையை அதுவும் உயர்த்தும். தாத்தாவுக்கு ‘இது பனை’ என்று சொல்லிப் பாலில் போட்டுக் கொடுப்பது அன்பாக இருக்கலாம், மருந்தாகாது.

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், கற்கண்டு வளர்ப்பிலிருந்து அக்குழந்தையை ஒதுக்கிவைக்க வேண்டாம். நூல் கட்டுவதிலும் அளப்பதிலும் எழுதுவதிலும் யாருக்கும் குறையாமல் பங்கேற்கட்டும். உண்பது பற்றி மருத்துவரிடம் கேட்டு, உணவுத் திட்டத்தில் இடம் இருந்தால் கொடுக்கலாம். ஆனால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்த்து, நடுக்கம் காணும்போது கற்கண்டைக் கையில் எடுக்காதீர்கள். பெரிய படிகம் மெதுவாகவே கரையும். அந்நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். குளுக்கோஸ் அல்லது தண்ணீரில் கரைத்த சர்க்கரையே ஏற்றது. வளர்ந்தவர்க்குச் சொல்லப்படும் பொது அளவு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி; சிறுவர்க்கு மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன அளவைப் பின்பற்றுங்கள். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் இடக்கூடாது.

அக்குழந்தைக்குச் சொல்ல ஒரு கதையும் உண்டு. அவர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் படிகமாக வளரக்கூடியது. டோரத்தி ஹாட்ஜ்கின் என்ற ஆங்கிலேய அறிவியலறிஞர் 1934-இல் இன்சுலின் படிகங்களை ஊடுகதிரால் ஆராயத் தொடங்கினார். அதன் மூலக்கூறு அமைப்பு முழுமையாகத் தெளிவானது 1969-இல். இடையில் 35 ஆண்டுகள். நோபல் பரிசுகூட 1964-இலேயே, வேறு மூலக்கூறுகளுக்காக, அவருக்குக் கிடைத்துவிட்டது. பத்து நாள் காத்திருக்கச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

விளைந்ததை உண்பது பற்றிச் சுருக்கமாக: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்கண்டுக் கட்டியைக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கும். மூத்த குழந்தையும் உட்கார்ந்து உண்ணட்டும்; ஓடியபடியோ படுத்தபடியோ வேண்டாம். பற்களைப் பொறுத்தவரை, எவ்வளவு உண்டோம் என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதே பெரிதும் பாதிக்கிறது. நாள் முழுதும் கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருப்பதைவிட, உணவுக்குப் பின் ஒரு சிறு துண்டு உண்டு வாய் கொப்பளிப்பது மேல். இரவில் பல் துலக்கிய பிறகு கூடவே கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கும், பல நாள் திறந்திருந்த இத்தகைய பண்டத்தை மருத்துவரைக் கேளாமல் உண்ணக் கொடுக்காதீர்கள். அவர்கள் வளர்த்ததை உலர்த்தி, ஒரு கண்ணாடிச் சீசாவில் இறுக மூடி, தலைமாட்டில் வைத்துவிடலாம். வெயில் பட்டால் நன்றாக மின்னும்.

குவளையில் மிஞ்சிய பாகைக் கொட்டிவிட வேண்டாம். மீண்டும் பெரியவர் கையால் ஒரு கொதி வைத்து, ஆறவிட்டு, இரண்டாம் நூலைத் தொங்கவிட அது போதுமானது.