யாழ்ப்பாணத்தில் 3 நாள் "போர்"! மட்டையும் பந்தும்தான் ஆயுதம்

நாகர்கோவில் பக்கம் இரண்டு பள்ளிக்கூடம் கிரிக்கெட்டில் மோதினால் போகிற வருகிறவர்கள் நாலு பேர் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் அதற்கு ஊரே திரண்டு வருகிறது!

யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கிற மேட்ச் அது. பேர்தான் கல்லூரி, இரண்டும் பள்ளிக்கூடங்கள். 1904-ல் ஆரம்பித்த போட்டி. "வடக்கின் பெரும் சமர்" என்று பட்டப்பெயர். 3 நாள் ஆட்டம்.

கொடி, பேண்டு வாத்தியம், விசில், கும்மாளம்! தலை நரைத்த பழைய மாணவர்கள் லண்டன், கனடாவில் இருந்து பிளேன் ஏறி வந்து, பையன்களோடு பையன்களாகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

நிஜப் போர் நடந்தபோது சில வருடம் இந்த மேட்சே நின்றுபோனது. மைதானத்துக்குப் பக்கத்தில் உள்ள பொது நூலகம் 1981-ல் தீ வைத்து எரிக்கப்பட்டது. பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள். 2009-ல் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது.

மத்திய கல்லூரியில் படித்த சுழற்பந்து வீரர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024-ல் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல். ஆடினார்.

"போர்" என்றால் ஒரு காலத்தில் பதுங்கு குழிக்கு ஓடிய ஊர். இன்று அதே சொல்லைக் கேட்டு மைதானத்துக்கு ஓடுகிறது!