கடல் புகுந்த எரிமலை

கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவுக்கு வரும் பயணிகளில் பலர் படகில் ஏறியதும் "எரிமலை எங்கே?" என்று தேடுவார்கள். படகுக்காரர்களும் வளைகுடாவின் நடுவே கருகிக் கிடக்கும் ஒரு சிறு தீவைக் கைகாட்டுவார்கள். அது பாதிப் பதில்தான். பயணி ஏறிய படகுத்துறை, அதன் பின்னால் சுமார் 300 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் பாறைச் சுவர், சுவரின் விளிம்பில் வரிசை கட்டி நிற்கும் வெள்ளை வீடுகள், எதிரே விரிந்த நீலக்கடல் எல்லாம் சேர்ந்ததுதான் எரிமலை. படகு மிதப்பதே அதன் வாய்க்குள்.

ஏஜியன் கடலில் உள்ள இந்த வாய் சுமார் 11 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. சில இடங்களில் அதன் ஆழம் 390 மீட்டரை எட்டும். புவியியலாளர்கள் இதைக் கால்டெரா என்பார்கள். பூமிக்கடியில் தேங்கியிருக்கும் பாறைக்குழம்பு பெரும் வெடிப்பில் மொத்தமாக வெளியே கொட்டிவிட்டால், அதன் மேலிருந்த நிலத்துக்குத் தாங்கல் இல்லாமல் போகிறது. கூரை உள்ளே சரிகிறது, பள்ளத்துக்குள் கடல் புகுந்துவிடுகிறது. சாந்தோரினியில் இப்படிச் சரிந்தது குறைந்தது நான்கு முறை. உடைந்த வளையத்தில் எஞ்சிய துண்டுகள்தான் இன்றைய திரா, திராசியா, அஸ்ப்ரோனிசி என்ற மூன்று தீவுகள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் தெற்கே இருக்கிறது. ஆப்பிரிக்கப் புவித்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஏஜியன் பகுதிக்கு அடியில் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. கீழே இறங்கும் பாறை தனக்குள் சுமந்துபோன நீரை ஆழத்தில் கசியவிடுகிறது. அந்த நீர் பட்டதும் மேலே உள்ள சூடான பாறையின் உருகுநிலை குறைகிறது. பாறை உருகி மேலெழும்புகிறது. மெதானா, மீலோஸ், சாந்தோரினி, நிசிரோஸ் என்று தெற்கு ஏஜியனில் வில் போல வளைந்து நிற்கும் எரிமலைகள் எல்லாம் இப்படிப் பிறந்தவையே.

சாந்தோரினியின் கடைசிப் பெருவெடிப்பு நடந்து ஏறத்தாழ 3,600 ஆண்டுகள் ஆகின்றன. சரியான ஆண்டு எது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு ஓயவில்லை. அன்று தீவின் மேல் படிந்த சாம்பலும் நுரைக்கல்லும் சில இடங்களில் பத்து மீட்டர், இருபது மீட்டர் என்று கனத்துக் கிடக்கின்றன. 1860களில் சூயஸ் கால்வாய் வேலைக்குச் சிமெண்ட் கலவை தேவைப்பட்டபோது இந்தச் சாம்பலைத்தான் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில், திராசியாவில், பழங்காலச் சுவர்கள் தலைகாட்டின. நூறு ஆண்டுகள் கழித்து, 1967இல், தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாதோஸ் திராவின் தெற்குப் பகுதியில் அக்ரோத்திரி என்ற நகரத்தைத் தோண்டத் தொடங்கினார். இரண்டு மாடி வீடுகள், கழிவுநீர்க் கால்வாய், சுவர் நிறைய வண்ண ஓவியங்கள் என்று ஒரு வெண்கலக் கால ஊரே சாம்பலுக்கடியில் பத்திரமாக இருந்தது.

ஊர் இருந்தது, ஆட்கள் இல்லை. இத்தாலியின் பொம்பேயைப் போல வெடிப்பில் சிக்கி இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் இங்கே அகப்படவில்லை. பொன்னும் நகையும்கூட ஏறக்குறைய இல்லை. 1999இல் கிடைத்த ஒரு சிறிய பொன் ஆட்டுப் பொம்மைதான் விதிவிலக்கு. வெடிப்புக்கு முன்பே நிலநடுக்கம் ஊரை உலுக்கியிருக்கிறது. தெருக்களில் இடிபாடுகள் ஒதுக்கிக் குவிக்கப்பட்ட தடம் இருக்கிறது. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரைக் காலி செய்துவிட்டார்கள் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

கண்ணெதிரே முளைத்த தீவு

திராவிலுள்ள ஃபிரா நகரின் கீழேயுள்ள பழைய துறைமுகத்துக்கு இறங்க மூன்று வழிகள்: ஏறத்தாழ அறுநூறு படிகள், கோவேறு கழுதை, கேபிள் கார். அங்கிருந்து கிளம்பும் படகுகள் முதலில் நங்கூரம் போடுவது நியா கமேனியில். படகுக்காரர்கள் காட்டிய அந்தக் கருந்தீவு இதுதான். இரண்டு கிலோமீட்டர் அகலம், உச்சி சுமார் 125 மீட்டர். கரையிலிருந்து எரிமலை வாய்கள்வரை நடக்க அரைமணி நேரம் போதும். நிழலுக்கு ஒரு மரமில்லை. பாதையின் இருபுறமும் ஆளுயரக் கறுப்புப் பாறைகள், உடைத்துக் கொட்டிய நிலக்கரிபோல. இங்கே வெளிவந்த குழம்பு டேசைட் என்ற வகை. ஹவாய்த் தீவுகளின் குழம்பைப்போல நீராக ஓடாது. முற்றிய பாகுபோல வெளியே பிதுங்கி, ஓடும்போதே மேல்தோல் இறுகி, பாளம் பாளமாக உடைந்துவிடும். அதனால்தான் தீவு முழுக்க இந்தக் கூரிய பாறைக் குவியல்.

உச்சியில் சில பாறைப் பிளவுகளின் ஓரம் கந்தகத்தால் மஞ்சள் பூத்திருக்கும். அங்கிருந்து எழும் ஆவியின் சூடு 90 டிகிரி செல்சியசைத் தாண்டும். காற்று வாட்டமாக அடித்தால் அழுகிய முட்டையின் நெடி மூக்கில் ஏறும்.

நம் காலடியில் இருக்கும் நிலத்தின் பிறந்த தேதி தெரிவது அபூர்வம். இங்கே தெரியும். கி.மு. 197இல் இந்த வளைகுடாவின் நடுவே கடல் நான்கு நாட்கள் தீயோடு கொதித்து, ஒரு தீவு எழுந்ததாகப் பண்டைய கிரேக்கப் புவியியல் அறிஞர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். கி.பி. 46–47இல் இன்னொன்று, அதுதான் பக்கத்துத் தீவான பாலியா கமேனி. 1570இல் தொடங்கிய வெடிப்பில் ஒரு குட்டித் தீவு பிறந்தது. 1707 மே மாதம் அதன் அருகே கடலில் வெண்மையாக ஏதோ தெரிந்தபோது, உடைந்த கப்பல் என்று நினைத்துப் படகில் போனார்கள் மீனவர்கள். போய்ப் பார்த்தால் கடலடியிலிருந்து எழும்பி வந்த நுரைக்கல் பாறை! அதில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சிலர் பெயர்த்தெடுத்ததாக, தீவில் அப்போது இருந்த யேசு சபைப் பாதிரியார்களின் குறிப்புகள் சொல்கின்றன. காலுக்கடியில் பாறை அசையவும் வளரவும் தொடங்க, எல்லோரும் அலறியடித்துக்கொண்டு படகுக்கு ஓடினார்கள். அந்த வெடிப்பு 1711வரை நீடித்தது. 1866–70, 1925–28, 1939–41 என்று அடுத்தடுத்து வந்த வெடிப்புகளில் துண்டுத் தீவுகள் ஒட்டிக்கொண்டு இன்றைய நியா கமேனி உருவானது. கடைசியாகக் குழம்பு வெளிவந்தது 1950இல்.

துருவேறிய தண்ணீர்

அடுத்த நிறுத்தம் பாலியா கமேனி. ஒரு சிறு குடாவுக்கு வெளியே படகு நின்றுவிடும். வெந்நீர் ஊற்றுக்குப் போக ஆசைப்படுபவர்கள் கடலில் குதித்து ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீந்த வேண்டும். நீச்சல் தெரியாதவர் படகிலிருந்தே பார்க்கலாம். வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், வெள்ளி நகை இருந்தால் கழற்றிவிடுங்கள் என்று குதிக்கும் முன்பே எச்சரிப்பார்கள். காரணம் கண்ணெதிரே தெரியும்: நீலக்கடல் ஓரிடத்தில் பச்சையாகி, பிறகு ஆரஞ்சும் பழுப்புமாகத் திரிந்துவிடுகிறது. கரையோரப் பாறைகளில் விரல் வைத்தால் குழைந்த செம்மண் போன்ற சேறு ஒட்டும்.

அந்தச் சேறு வேறொன்றுமில்லை, துரு. கடல்நீர் பாறை வெடிப்புகள் வழியே கீழே இறங்கி, சூடான ஆழத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அடியில் குழம்பிலிருந்து பிரியும் கரியமில வாயு அதில் கரைந்து அதை அமிலமாக்குகிறது. ஆக்சிஜன் இல்லாத, சூடான, அமிலத் தன்மையுள்ள நீர் பாறையிலிருக்கும் இரும்பைச் சுலபமாகக் கரைத்துக்கொள்ளும். அப்போது நீருக்கு நிறம் கிடையாது. குடாவில் வெளிப்பட்டு, ஆக்சிஜன் நிறைந்த கடல்நீரோடு கலந்ததும் கரைந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ராக்சைடாகத் திரண்டு படிகிறது. இரும்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாயில் தெளிவாக விழுந்து, குடத்தில் வைத்த சில மணி நேரத்தில் மஞ்சளாகிவிடுவதை நம் ஊர்களில் பார்த்திருப்போம். அதே வேதியியல்தான் இங்கே ஒரு குடா முழுக்க நடக்கிறது. கந்தகம் வெள்ளி நகையைக் கறுக்கவைக்கிறது, இரும்பு துணியில் கறையாகிறது.

இந்த வேலையில் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு. பாலியா கமேனிச் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிய நூல்போல இரும்பு இழைகள் தெரியும். கேலியோனெல்லா என்ற பாக்டீரியா விட்டுச் சென்ற காம்புகள் அவை. கரைந்த இரும்பு துருவாக மாறும்போது வெளிப்படும் சிறிதளவு ஆற்றலைக் கொண்டே அது வயிறு வளர்க்கிறது.

புவியியலாளர்களுக்கு இந்த அழுக்குக் குடா ஒரு பழைய காலத்தின் மாதிரி. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை உலகக் கடல்களில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. இரும்பு கரைந்தே கிடந்தது. ஆக்சிஜன் சேரச் சேர அது அடுக்கடுக்காகப் படிந்து பட்டை இரும்புப் பாறைகளாயிற்று. உலகம் இன்று வெட்டியெடுக்கும் இரும்புத் தாதின் பெரும்பகுதி அந்தப் பாறைகளிலிருந்து வருவதே. சேலம் கஞ்சமலையின் காந்தக்கல் தாதுவும் அந்தக் குடும்பம்தான்.

நீந்திப் போனவர்களில் சிலர் ஏமாந்து திரும்புவதுண்டு. வெந்நீர் ஊற்று என்று பெயர். தண்ணீரோ 30 முதல் 35 டிகிரி, வெதுவெதுப்பு என்ற அளவில்தான் இருக்கிறது. மேலே வரும் சூடான நீர் குடாவில் ஏராளமான கடல்நீரோடு கலந்து ஆறிவிடுகிறது. நம் தோலின் சூடும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் சுடுகிறது என்ற உணர்வே வராது. ஊற்று கசியும் பாறையோரத்துக்கு நெருங்கிப் போனவர்களுக்குத்தான் கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

படகு போகாத வெந்நீர்

நிஜமான சூட்டைத் தேடினால் சாந்தோரினிக்கு வடகிழக்கே ஏழு கிலோமீட்டர் போய், அரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். அங்கே கொலும்போ என்ற கடலடி எரிமலை இருக்கிறது. அதன் வாய்க்குள் 2006இல் ஆய்வுக் கப்பலிலிருந்து இறக்கிய கருவிகள் தாதுக்கள் இறுகி எழுந்த புகைபோக்கிகளைக் கண்டன. அவற்றிலிருந்து வெளிவந்த நீரின் வெப்பம் 220 டிகிரிவரை இருந்தது. 500 மீட்டர் ஆழத்தில் கடலின் அழுத்தம் தரைமட்டக் காற்றழுத்தத்தைப்போல ஐம்பது மடங்கு. அதனால் அவ்வளவு சூட்டிலும் நீர் ஆவியாகாமல் திரவமாகவே இருக்கிறது.

கொலும்போவைச் சாந்தோரினிவாசிகள் மறக்கமாட்டார்கள். 1650இல் அது கடலைப் பிளந்துகொண்டு வெடித்தது. பேரலை கரையை ஏறி விழுங்கியது. காற்றோடு வந்த நச்சு வாயுவில் சுமார் 70 பேரும் எண்ணற்ற கால்நடைகளும் மடிந்தார்கள். படங்களில் அச்சாகும் கறுப்புத் தீவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆபத்து அதிகம் என்று ஆய்வாளர்கள் கவலைப்படுவது கண்ணுக்குத் தெரியாத இந்தக் கொலும்போவைப் பற்றி.

மலைக்கு நாடி பார்ப்பவர்கள்

சாந்தோரினி எரிமலையைக் கண்காணிப்பதற்கென்றே 1995இல் ஒரு தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. நில அதிர்வு, நிலத்தின் ஏற்ற இறக்கம், வெளியேறும் வாயு ஆகியவற்றோடு, பயணிகள் குதித்துக் கும்மாளம் போடும் வெந்நீர் ஊற்றுகளின் சூடும் வேதிச் சேர்க்கையும் அதன் கணக்கில் ஏறுகின்றன. ஆழத்தில் குழம்பு நகர்ந்தால் மேலே வரும் நீரும் வாயுவும் மாறும் என்பதே இதன் அடிப்படை.

2011இல் அந்தக் கணக்கு மாறியது. வளைகுடாவுக்கு அடியில் சிறு நடுக்கங்கள் தொடங்கின, தீவுகள் ஒன்றையொன்று விட்டு விலகின, சில இடங்களில் நிலம் 14 சென்டிமீட்டர்வரை உயர்ந்தது, நியா கமேனி மண்ணிலிருந்து கசியும் கரியமில வாயுவும் கூடியது. சுமார் 4 கிலோமீட்டர் ஆழத்தில் 1 முதல் 2 கோடி கன மீட்டர் புதிய குழம்பு வந்து சேர்ந்திருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2012இல் அது அப்படியே அடங்கிவிட்டது.

2025 ஜனவரி இறுதியில் மறுபடியும். இம்முறை சாந்தோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடையே கடலடியில் ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள். அவற்றில் பெரியது 5.3 ரிக்டர். பள்ளிகளை மூடினார்கள். 11,000க்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலுமாகத் தீவைவிட்டு வெளியேறினார்கள். பிறகு வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 30 கோடி கன மீட்டர் குழம்பு ஆழத்திலிருந்து பாறையைப் பிளந்துகொண்டு மேலேறி, கடல் தரைக்குச் சில கிலோமீட்டர் கீழே நின்றுவிட்டதாகக் காட்டியது. சாந்தோரினிக்கும் கொலும்போவுக்கும் அடியில் இருப்பது ஒன்றோடொன்று தொடர்புள்ள அமைப்பு என்பதும் அதில் தெரியவந்தது.

சில வாரங்களில் நடுக்கம் ஓய, போனவர்கள் திரும்பினார்கள். கோடையில் படகுகளும் ஓடத் தொடங்கின. மலை வெடிக்கவில்லையே, இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். இனி ஒரு வெடிப்பு வருமா என்று யாரும் ஐயப்படத் தேவையில்லை; கி.மு. 197 முதல் 1950வரை நீளும் பட்டியல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. எப்போது, எவ்வளவு முன்கூட்டித் தெரியும் என்பதுதான் பாக்கி. கருவிகள் ஏதுமில்லாத காலத்தில், தரை ஆடியதை மட்டுமே நம்பி ஊரைவிட்டுக் கிளம்பினார்கள் அக்ரோத்திரி மக்கள். இன்று நாடி பார்க்கக் கருவிகள் இருந்தும், குழம்பு எந்த நேரத்தில் நின்றுவிடும், மலை எந்த நேரத்தில் வெடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஆகவே எரிமலையின் விளிம்பில் வீடு கட்டிக்கொண்டவர்கள் பத்து முறை வீணாகக் கிளம்பத் தயாராக இருக்கத்தான் வேண்டும். பதினோராவது முறைக்கு அவர்கள் கட்டும் காப்பீட்டுத் தவணை அது.