1942: சீனன்குடா பயந்த காலை

இரண்டாம் உலகப் போரில் தம்மை மிகவும் கலங்க வைத்த வேளை, ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வந்த வேளைதான் என்று சேர்ச்சில் ஒரு விருந்தில் சொன்னதாகக் கூறுவார்கள். லண்டனில் இருந்தவருக்கே அப்படியென்றால், திருகோணமலையில் எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்த சீனன்குடாச் சனங்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்? போர் வரலாறுகளில் கப்பல்களின் பெயர் உண்டு, விமானிகளின் பெயர் உண்டு. இந்தச் சனங்களைத்தான் காணோம்.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்களைக் கண்டு எச்சரித்தார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 6ஆம் திகதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னையிலிருந்து சனம் மூட்டை முடிச்சுடன் கிளம்பியது.

8ஆம் திகதி நகுமோவின் படை மீண்டும் கண்ணில் பட்டதும், திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடிரவாக வெளியேறச் சொன்னார்கள். எனக்கு இந்த இரவுதான் முக்கியமாகப் படுகிறது. காவலுக்கு நின்ற கப்பல்களே புறப்பட்டுப் போவதைக் கரையிலிருந்து பார்த்தவர்களின் பதகளிப்பை எந்த அறிக்கை எழுதியது? அப்படிப் போன விமானந்தாங்கி ஹேர்மிஸும் தப்பவில்லை. மறுநாள் மட்டக்களப்புக் கடலில் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது.

9ஆம் திகதி காலை திருகோணமலையில் விமானத்தளம், கப்பல் தளம், எண்ணெய்க் குதங்கள் எல்லாவற்றின் மீதும் தாக்குதல். சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து மோதின, பல திரும்பவில்லை. குதமொன்று தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும் குதங்கள், மொத்தம் 101. அடுத்தது எது என்று அறியாமல் அந்தப் புகைக்குக் கீழே உலை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறார்கள். பிந்திய உள்நாட்டுப் போரில் விமான இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் குதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குதங்களில் இன்று எஞ்சியிருப்பவை 99. அவற்றை யார் எடுப்பது, எத்தனை ஆண்டுக்கு என்று 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தமும் ஆயிற்று. அந்த ஏப்ரலில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயது. சீனன்குடாவிலும் வெள்ளைமணலிலும் கிண்ணியாவிலும் அப்படி யாரும் இருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த விடுமுறையிலேயே போய்க் கேட்டு எழுதட்டும். எங்கே ஓடினீர்கள், யார் கூட்டிப் போனார்கள், எத்தனை நாள் கழித்து வீடு திரும்பினீர்கள் என்று கேட்கட்டும்.